கடைசிச் சில்லறையை நிறுத்தினால் யாருக்கு நட்டம்?

கேள்வி இதுதான்: ஒரு நாட்டின் மிகக் குறைந்த மதிப்புள்ள காசை அடிப்பதை நிறுத்திவிட்டு, ரொக்கமாகக் கொடுக்கும் தொகையைப் பக்கத்து ஐந்துக்கோ பத்துக்கோ ரவுண்டாக்கிக்கொள்ளலாமா? விலைவாசி ஏறிவிடாதா? கடைக்காரர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு காசாகச் சுரண்டி லாபம் பார்த்துவிட மாட்டார்களா?

தாராளமாக நிறுத்தலாம். நிறுத்திய நாடுகளில் பல, நிறுத்த வேண்டிய காலம் தாண்டி ரொம்ப நாள் கழித்துத்தான் நிறுத்தியிருக்கின்றன. விலைவாசி இதனால் ஏறாது. சுரண்டல் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அது எந்த இடத்தில் என்று கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எனக்குப் பெரிதாகப்படுவது வேறு ஒன்று: எப்படி ரவுண்டாக்குவது என்று எழுதி வைக்காமல் காசை மட்டும் நிறுத்தினால் வரும் குழப்பம். அமெரிக்கா அதை 2025-ல் செய்து காட்டியது.

இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வருவது தயாரிப்புச் செலவு. அமெரிக்காவின் ஒரு சென்ட் காசை அடிக்க 2024 நிதியாண்டில் 3.69 சென்ட் ஆனது. 2006 முதலே அது முகமதிப்பைவிட அதிகச் செலவு வைக்கும் காசுதான். இத்தனைக்கும் 1982-லேயே தாமிரத்தைக் கைவிட்டு, 97.5 சதவீதம் துத்தநாகம், மேலே மெல்லிய தாமிரப் பூச்சு என்று மாற்றியாகிவிட்டது. அந்த ஓர் ஆண்டில் இந்த ஒரு காசால் மட்டும் நாணயச்சாலைக்கு 8.5 கோடி டாலருக்கு மேல் நட்டம். கனடாவின் ஒரு சென்ட்டுக்கு அடக்கவிலை 1.6 சென்ட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கே சொன்னதுபோல் இருக்கிறது.

கேட்க வலுவான வாதம்தான். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தப்பு. காசு ஒரு தடவை கொடுத்ததும் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. இருபது முப்பது வருடம் கைமாறிக்கொண்டே இருக்கக்கூடியது. ஆயிரம் தடவை கொடுக்கல் வாங்கலுக்கு உதவுமென்றால், அதற்கு நாலு சென்ட் செலவழிப்பது மலிவுதான். ஆகவே பார்க்க வேண்டியது, அந்தக் காசு உண்மையிலேயே கைமாறுகிறதா என்பதை.

கைமாறுவதில்லை. பிரிட்டன் நிதியமைச்சகம் 2018-ல் சில்லறை பற்றிக் கருத்துக் கேட்டபோது ஒரு தகவலைச் சொன்னது. அங்கே ஒரு பென்னி, இரண்டு பென்னி காசுகளில் பத்துக்கு ஆறு, ஒரே ஒரு முறை பயன்பட்டதோடு புழக்கத்தை விட்டுப் போய்விடுகின்றனவாம். நூற்றுக்கு எட்டு நேராகக் குப்பைக்கே போகின்றனவாம். செல்லும் காசைக் குப்பையில் போடுகிறார்கள் என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்!

நடப்பது இதுதான். காசு கல்லாவிலிருந்து மீதியாக வெளியே போகிறது. பையில் கொஞ்ச நேரம் கனக்கிறது, வீட்டில் ஒரு டப்பாவில் விழுகிறது. அடுத்த முறை கடைக்குப் போகிறவர் அதை எடுத்துப் போவதில்லை. கல்லாவில் சில்லறை தீர்கிறது. கடை வங்கியிடம் கேட்கிறது, வங்கி மேலே கேட்கிறது, நாணயச்சாலை புதிதாக அடித்துத் தருகிறது. அதுவும் அதே டப்பாவுக்குத்தான் போகிறது. அமெரிக்காவில் 2024 நிதியாண்டில் மட்டும் 300 கோடிக்கு மேல் ஒரு சென்ட் காசுகள் அடித்தார்கள். ஏற்கெனவே வெளியில் கிடந்தவை, அந்நாட்டுக் கருவூலத் துறையின் மதிப்பீட்டில், சுமார் 30,000 கோடி. தலைக்கு 800-க்கு மேல் வருகிறது. இவ்வளவு இருந்தும் மீதி கொடுக்கப் புதுக் காசு தேவைப்பட்டது.

அதனால் ஒரு காசை நிறுத்தலாமா என்று யாராவது கேட்டால் நான் பார்ப்பது, அது கல்லாவுக்குத் திரும்பி வருகிறதா என்பதைத்தான். வந்தால், அடக்கவிலை முகமதிப்பைத் தாண்டினாலும் வைத்துக்கொள்ளலாம். வரவில்லையென்றால், அடக்கவிலை குறைவாக இருந்தாலும் நிறுத்திவிடலாம்.

காசு போய்விட்டால் அந்த மதிப்பே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. விலை எழுதும் அலகு வேறு, கையில் பிடிக்கும் காசு வேறு. அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் விலை இன்றும் சென்ட்டில் பத்தில் ஒன்பது என்று முடிகிறது. பத்தில் ஒரு சென்ட்டுக்கு அந்நாட்டு நாணயச்சாலை ஒருபோதும் காசு அடித்ததில்லை. அதற்காக யாரும் பெட்ரோல் போடாமல் இருந்ததில்லை. அதே நாடு 1857-ல் அரை சென்ட் காசை நிறுத்தியது. அன்றைய அரை சென்ட்டுக்கு இன்றைய பத்து சென்ட்டைவிட அதிக வாங்கும் சக்தி இருந்தது. அவ்வளவு மதிப்புள்ள காசையே அலட்டிக்கொள்ளாமல் நிறுத்தியவர்களின் கொள்ளுப்பேரன்கள், அதில் ஒரு துளி மதிப்புகூட இல்லாத காசைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் வாதாடியது வேடிக்கைதான்.

சரி, ரவுண்டாக்குவது எப்படி? பரவலாகப் பின்பற்றப்படும் முறை எளிது. மொத்தத் தொகை 1, 2 என்று முடிந்தால் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். 3, 4 என்றால் ஐந்துக்கு ஏற்ற வேண்டும். 6, 7 என்றால் ஐந்துக்கு இறக்க வேண்டும். 8, 9 என்றால் பத்துக்கு ஏற்ற வேண்டும். இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், மறுபடியும் அதே. இதற்கு ஸ்வீடன் முறை என்றே பெயர் உண்டு. அந்த நாடு 1972-ல் ஒரு ஓரே, இரண்டு ஓரே காசுகளை (ஓரே என்பது அங்கே சென்ட் போன்ற சில்லறை அலகு) விலக்கியது, அப்புறம் படிப்படியாக மேலேறி 2010-ல் 50 ஓரேயையும் விலக்கிவிட்டது.

இதில் மூன்று விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பொருளின் விலையையும் ரவுண்டாக்கக் கூடாது, ரசீதின் கடைசி மொத்தத்தை மட்டும்தான். வரியைக் கணக்கிட்ட பிறகுதான், முன்னால் இல்லை. ரொக்கத்துக்கு மட்டும்தான்; கார்டு, வங்கிப் பரிமாற்றம், காசோலைக்குக் கடைசிக் காசு வரை அப்படியே. சுரண்டல் பற்றிய பயங்களில் பாதி, இந்த மூன்றைத் தெரிந்துகொண்டாலே போய்விடும்.

மீதிப் பாதிக்கு வருவோம். கடைகளில் விலை பெரும்பாலும் 99 என்று முடிகிறது, ஒன்பது எப்போதும் மேலேதான் ஏறும், ஆகவே எப்போதும் வாங்குபவருக்கே நட்டம் என்பது வாதம். ஒரு பொருள் 0.99 என்று வைத்துக்கொள்வோம். வரி விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஒன்று வாங்கினால் 1.00 கொடுக்கிறீர்கள், ஒரு காசு நட்டம். இரண்டு வாங்கினால் 1.98, அது 2.00 ஆகிறது, இரண்டு காசு நட்டம். மூன்று வாங்கினால் 2.97, அது 2.95-க்கு இறங்குகிறது, இரண்டு காசு லாபம். நான்கு என்றால் 3.96, கொடுப்பது 3.95, ஒரு காசு லாபம். ஐந்து என்றால் 4.95, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. ஆறிலிருந்து மறுபடி இதே சுற்று. ஐந்தையும் கூட்டிப் பாருங்கள், பூஜ்யம் வருகிறது.

விலை நிர்ணயத்தில் விளையாடி லாபம் பார்க்க நினைக்கும் கடைக்காரருக்கு இங்கேதான் சிக்கல். வருகிறவர் எத்தனை பொருள் எடுப்பார், எதை எதோடு சேர்ப்பார் என்று அவருக்குத் தெரியாது. விலைக்கு மேல் வரி தனியாகச் சேரும் நாடுகளில் கடைசி இலக்கம் இன்னும் கலைந்துபோகும்.

ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். சராசரி பூஜ்யம்தான், நட்டம் விழும் இடமோ ஒன்றும் இரண்டும். கூடை நிறைய வாங்குகிறவர் பெரும்பாலும் கார்டு நீட்டுவார். ஒன்று, இரண்டு என்று அன்றாடத் தேவைக்கு வாங்கி ரொக்கம் கொடுக்கிறவர்தான் ஏற்றம் விழும் வரிசையில் நிற்கிறார், அவர்களில் கையில் பணம் குறைவானவர்கள் அதிகம். மேலே நான் ஒப்புக்கொண்ட 'கொஞ்சம் உண்மை' இதுதான். மொத்தத்தில் சமமாகிவிடும் என்று சொல்லி இதைத் தள்ளிவிடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

அந்த நட்டம் எவ்வளவு பெரிது? ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ரேமண்ட் லோம்ப்ரா, ரவுண்டாக்கினால் நுகர்வோருக்கு ஆண்டுக்கு 60 கோடி டாலர் நட்டம் வரும் என்று 2001-ல் கணித்தார். 2007-ல் ராபர்ட் வேப்பிள்ஸ் என்ற இன்னொரு பேராசிரியர், ஏழு மாநிலங்களில் இயங்கும் ஒரு கடைச் சங்கிலியின் ஏறத்தாழ 2 லட்சம் உண்மை ரசீதுகளை எடுத்துப் பார்த்தார். ஏற்றமும் இறக்கமும் கிட்டத்தட்டச் சமம், வாங்குபவருக்குத்தான் துளி லாபம் என்பது அவர் கண்டது. ஒரே பொருள் கொண்ட ரசீதுகள் எவ்வளவு, பல பொருள் கொண்டவை எவ்வளவு என்பதைப் பொறுத்து விடை எந்தப் பக்கமும் சாயும் என்பது மேலே போட்ட கணக்கிலிருந்தே தெரியும்.

கனடாவில் காசை நிறுத்திய பிறகு ஒரு பல்கலைக்கழக மாணவி மளிகைக் கடை விலைகளைத் திரட்டி ஆராய்ந்தார். கடைகளுக்குச் சாதகமாகத்தான் சாய்கிறது, நாடு முழுக்க ஆண்டுக்கு 32 லட்சத்து 70 ஆயிரம் கனடிய டாலர் என்று அவருடைய முடிவு வந்தது. செய்தியாகப் படிக்கும்போது பெரிய தொகை. மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஆண்டுக்குப் பத்து சென்ட்கூட இல்லை.

இருப்பதிலேயே மோசமான நிலையையும் பார்த்துவிடலாம். ஒருவர் தினமும் இரண்டு தடவை ரொக்கத்துக்கு வாங்குகிறார், இரண்டு தடவையும் அவருக்கு முழு இரண்டு சென்ட் ஏற்றமே விழுகிறது, வருடம் முழுக்க ஒரு நாள்கூட அதிர்ஷ்டம் திரும்பவில்லை. அப்போதும் ஆண்டுக்கு 14.60 டாலர்தான். உண்மையில் இதில் சிறு பங்குகூட வராது. அப்படியும் நெருடினால் தீர்வு எளிது: ஏற்றத்தையே எடுத்துவிட்டு, எப்போதும் கீழே மட்டும் இறக்கலாம். கடைக்கு ரசீதுக்கு அதிகபட்சம் நாலு சென்ட் போகும். காசு எண்ணவும், வங்கியிலிருந்து உருளை உருளையாக வாங்கி வரவும் ஆகிற செலவு மிச்சமாவதால் சில கடைகள் இதைத் தாமாகவே செய்யும். எல்லாரையும் கட்டாயப்படுத்துவது சிறு கடைகளுக்கு நியாயமில்லை என்பது என் கருத்து.

பணவீக்கம் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. அலமாரியில் ஒட்டிய விலை மாறுவதில்லை, மொத்தத்தின் கடைசி இலக்கம்தான் அசைகிறது, அதுவும் ரொக்கத்தில் மட்டும். ஆஸ்திரேலியா ஒன்று, இரண்டு சென்ட் காசுகளை விலக்கத் தொடங்கிய 1992-ல் அங்கே பணவீக்கம் ஒரு சதவீத அளவில் இருந்தது. கனடாவில் 2013-ல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அது காசை நிறுத்தியதன் சாதனை இல்லை, பொருளாதாரம் அப்போது மந்தமாக இருந்தது. ஆனால் விலைவாசி எகிறும் என்று பயந்தவர்கள் காட்ட அங்கே எதுவும் கிடைக்கவில்லை. (அந்த ஆஸ்திரேலியக் காசுகளுக்கு நல்ல கதி கிடைத்தது. உருக்கி, 2000 சிட்னி ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்கங்களுக்குப் பயன்படுத்தினார்கள்.)

இனி நான் முக்கியம் என்று சொன்ன விஷயம். கனடாவையும் அமெரிக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

கனடா 2012 மார்ச் மாத வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. மே 4 அன்று வின்னிபெக்கில் கடைசி ஒரு சென்ட் காசு அடிக்கப்பட்டது. 2013 பிப்ரவரி 4 அன்று விநியோகம் நின்றது. நடுவில் கிட்டத்தட்டப் பத்து மாத அவகாசம். எதை ரவுண்டாக்க வேண்டும், எதைக் கூடாது, வரியை எந்தத் தொகை மீது கணக்கிட வேண்டும் என்று அரசே நெறிமுறை வெளியிட்டது. பழைய காசு செல்லும், வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டது. அந்தத் தேதி வந்தபோது பெரிய சத்தம் எதுவும் இல்லை.

அமெரிக்காவில் 2025 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப் ஒரு சமூக ஊடகப் பதிவில் உத்தரவை அறிவித்தார். மே மாதம் நாணயச்சாலை, காசு அச்சடிக்கத் தேவையான உலோக வில்லைகளுக்குக் கடைசியாக ஆர்டர் கொடுத்தது. நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிக் காசு அடிக்கப்பட்டது. அன்றைக்கு நாடு முழுமைக்குமான ரவுண்டாக்கும் சட்டம் எதுவும் இல்லை. அதற்கு முன்பே பல இடங்களில் கடைகளுக்குக் காசு கிடைக்காமல் போய்விட்டது.

கடைக்காரர் என்ன செய்வார்? சில மாநிலங்களில் மீதியைச் சரியாகத் தந்தாக வேண்டும் என்று சட்டம். மேலே ஏற்றினால் வழக்கு வரலாம். சரி, கீழே இறக்கிவிடலாம் என்றால் இன்னொரு சிக்கல். அரசின் உணவு உதவியை அட்டை வழியாகப் பெறுகிறவர்களை மற்ற வாடிக்கையாளர்களிலிருந்து வேறுபடுத்தி நடத்தக் கூடாது என்று மத்திய விதி. ரொக்கம் கொடுப்பவருக்கு இரண்டு சென்ட் குறைத்துவிட்டு, உதவி அட்டை நீட்டுகிறவரிடம் முழுத் தொகை வாங்கினால் அது விதிமீறல் ஆகுமோ என்று கடைச் சங்கங்கள் கவலைப்பட்டன. நல்லது செய்யப் போய் மாட்டிக்கொள்ளும் நிலை. சில சங்கிலிகள் துணிந்து இறக்கின. சில, சரியான சில்லறை கொண்டுவாருங்கள் என்று எழுதி ஒட்டின. காசு கொண்டுவந்து தந்தால் இரட்டை மதிப்புக்குப் பரிசு அட்டை தருகிறோம் என்று அறிவித்த கடையும் உண்டு. 30,000 கோடிக் காசு டப்பாக்களில் தூங்கும் நாட்டில்!

காசை நிறுத்தியது சரியான முடிவுதான், வரிசைதான் தப்பு. முதலில் விதி, அதோடு மோதும் பழைய சட்டங்களில் திருத்தம், பிறகு பொது அறிவிப்பு, கடைசியில் காசை நிறுத்துவது என்று போயிருக்க வேண்டும். விதி கட்டாயமாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பின்லாந்து 2002-ல் யூரோ வந்த நாளிலிருந்தே ஒன்று, இரண்டு சென்ட் காசுகளைச் சட்டப்படி ஒதுக்கி வைத்தது. பெல்ஜியம் 2019 டிசம்பரில் ரொக்கத்துக்கு ரவுண்டாக்குவதைக் கட்டாயமாக்கியது. அயர்லாந்து 2013-ல் வெக்ஸ்ஃபோர்ட் நகரில் சோதனை நடத்திப் பார்த்து, 2015 அக்டோபரில் நாடு முழுக்கக் கொண்டுவந்தது, அதையும் விருப்பத்துக்கு விட்டது. சரியான மீதிதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கலாம். மூன்றும் ஓடுகின்றன. கல்லாவில் நிற்பவருக்கும் எதிரில் நிற்பவருக்கும் ஒரே விதி தெரிந்திருந்தால் போதும்.

ஒரு எதிர்வாதம் மட்டும் யோசிக்க வைப்பது. ஒரு சென்ட் போனால் ஐந்து சென்ட் அதிகம் தேவைப்படும், அதை அடிக்க 2024 நிதியாண்டில் 13.78 சென்ட் ஆனதே, மிச்சம் பிடித்தது அதில் போய்விடாதா என்பார்கள். ஒரு ஐந்து சென்ட் காசில் வரும் நட்டம் மூன்று ஒரு சென்ட் காசுகளின் நட்டத்தைவிட அதிகம் என்பது உண்மைதான். ஆனால் தேவை கூடுமா? மீதித் தொகை 5 முதல் 9 வரை முடியும்போது ஒரு ஐந்து சென்ட் கொடுக்கிறோம், அதாவது பாதித் தடவை. ரவுண்டாக்கிய பிறகு மீதி பூஜ்யத்திலோ ஐந்திலோ முடியும், அப்போதும் பாதித் தடவைதான். கணக்குப்படி தேவை ஏறக் காரணம் இல்லை. இந்த வாதத்தை உரக்கச் சொன்ன அமைப்புக்கு, காசுக்கான துத்தநாக வில்லை செய்து விற்ற நிறுவனத்தின் ஆதரவு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஐந்தையும் சேர்த்தே நிறுத்திவிடலாமே? நியூசிலாந்து 1990-ல் ஒன்று, இரண்டையும், 2006-ல் ஐந்தையும் விலக்கியது. அங்கே மேலே இருந்தவை 10, 20, 50. ஒன்றோடு ஒன்று பொருந்தும். 25 என்ற காசு உள்ள நாட்டில் அது நடக்காது. ஐந்து இல்லாமல் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு 25-க்குச் சில்லறை கொடுக்க முடியாது. ஸ்வீடன் 1985-ல் 5 ஓரேயையும் 25 ஓரேயையும் சேர்த்தே விலக்கியதை இதோடு வைத்துப் பாருங்கள். ஆகவே அமெரிக்கா ஐந்தைத் தொடுவதற்கு முன் கால் டாலரை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அது பெரிய வேலை.

எந்த நாட்டில் நிறுத்தக் கூடாது? குறைந்தபட்சக் காசைக் கொடுத்து இன்னும் ஏதாவது ஒரு பொருள் வாங்க முடிகிற இடத்தில். அங்கே ஒரு காசுப் பொருள் ரவுண்டாக்கினால் பூஜ்யமாகிவிடும், அதனால் கடை விலையையே ஐந்து மடங்காக்க வேண்டிவரும். அந்த நிலை தாண்டிவிட்டதா என்பதைக் கல்லாவைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். மக்கள் அந்தக் காசைக் கொடுத்து வாங்குகிறார்களா, மீதியாக மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்களா என்று.

கடை நடத்துகிறவர்களுக்கு ஒன்று. ரவுண்டாக்கிய வித்தியாசத்தை ரசீதில் தனி வரியாகக் காட்டுங்கள், கணக்கிலும் தனித் தலைப்பில் எழுதுங்கள். வரி, ரவுண்டாக்கும் முன் வந்த தொகைக்குத்தான். அன்றாடம் கல்லாவைச் சரிபார்க்கும்போது இந்த வரி இல்லையென்றால், நாலைந்து காசு கூடவோ குறையவோ வந்து, காரணம் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். பத்துக்கு ரவுண்டாக்கும் நாடாக இருந்தால் ஐந்தில் முடியும் தொகையை ஏற்றுவீர்களா இறக்குவீர்களா என்று முன்கூட்டியே பலகையில் எழுதி வையுங்கள். நியூசிலாந்தில் அந்த முடிவைக் கடைகளிடமே விட்டார்கள், பெரும்பாலானவை இறக்கத்தையே தேர்ந்தெடுத்தன.